காலிக் கேன் திரும்பி வர என்ன அனுப்பினோம்

"அண்ணா, காலிக் கேன் இல்லேன்னா நாளைக்குத் தண்ணி இல்ல. நான் எதுல புடிச்சுத் தர்றது?"

வாட்டர் பிளான்ட் நடத்திய ரஹீம் போனில் இப்படிச் சொன்னபோது, ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் நிவாரணக் குடோன் நிரம்பி வழிந்தது. எல்லாம் பழைய துணி! தாகத்துக்குத் துணியைப் பிழிந்தா கொடுக்க முடியும்?

2005 சென்னை வெள்ளம். முடிச்சூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தவர்களுக்குத் தினமும் கேன் தண்ணீர் அனுப்பினோம். பார்சல் சர்வீஸில் டெஸ்பாட்ச் பார்த்துப் பழகியவன் என்பதால் வண்டிப் பொறுப்பு எனக்கு. சரக்கு போய்ச் சேர்ந்தால் பாதி வேலைதான் முடிந்தது, ரிட்டர்ன் வந்தால்தான் மீதி என்பது எங்கள் தொழில் பாடம். ஆனால் இங்கே ரிட்டர்ன் வரவே இல்லை.

"யாரும் குடுக்க மாட்டேன்றாங்க சார். சண்டை போட்டா புடுங்கிகினு வர்றது?" என்றார் டிரைவர் செல்வம். எனக்குச் சுர்ரென்று ஏறியது. நானே வண்டியில் ஏறிப் போனேன்.

வகுப்பறையில் ஒவ்வொரு பெஞ்சுக்கு அடியிலும் ஒரு கேன். எல்லாவற்றிலும் பாதித் தண்ணீர். மல்லிகா என்ற பெண் தன் கேனை அணைத்துப் பிடித்திருந்தார்.

"அக்கா, கேன் திரும்பி வந்தாதான் நாளைக்குத் தண்ணி வரும்."

"வூட்ல இருந்த குடம், பக்கெட்டு எல்லாம் வெள்ளத்துல பூட்ச்சி. இதையும் நீ தூக்கினு போய்ட்டா தண்ணிய எதுல வெச்சிக்கிறது? கொய்ந்த கேட்டா கையில ஊத்தறதா?"

அவர் கேட்டது நியாயம். நாங்கள் தண்ணீரை அனுப்பினோமே தவிர, அதை ஊற்றி வைக்க ஒரு பாத்திரம் அனுப்பவில்லை.

குடோனுக்குத் திரும்பியதும் அஸ்தினாபுரத்திலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். "சார், இன்னும் நிறைய துணி கலெக்ட் பண்ணி வெச்சிருக்கோம். வேன் அனுப்புறீங்களா?"

"துணி போதும் மேடம். உங்க தெருவுல வீட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் குடம் வாங்கித் தாங்க."

"பழசா இருந்தா பரவாயில்லையா?"

"ஓட்டை இல்லாம இருந்தா போதும்."

பொழுது சாயும் முன்பே பச்சை, சிவப்பு, நீலம் என்று குடங்கள் வந்து குவிந்தன. கயிற்றில் கோத்து வண்டியின் மேலே கட்டினோம். கல்யாணச் சீர் போகிற மாதிரி இருந்தது. பள்ளிக்கூடத்தில் குடத்தைக் கொடுத்து, தண்ணீரை அதில் ஊற்றிவிட்டு, கேனைக் கேட்டோம். எல்லோரும் உடனே எடுத்துக் கொடுத்தார்கள். அன்றைக்கே ரஹீம் பிளான்ட்டை ஓடவிட்டார்.

மறுநாள் தண்ணீரோடு போனபோது கேட்டிலேயே மல்லிகா நின்றிருந்தார். பக்கத்தில் கழுவிக் கவிழ்த்த கேன்கள்.

"இன்னா சார் இவ்ளோ லேட்டு? காலி கேன் ரெடியா கீது, ஏத்திகினு போ."

அவரிடம் திட்டு வாங்கியதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். நிவாரண வேலைக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான்: ஒரு பொருள் திரும்பி வரணும் என்றால், அதை எடுத்த பிறகு வாங்கியவர்கள் கையில் என்ன மிஞ்சும் என்று லோடு ஏற்றும்போதே பாருங்கள். ஒன்றுமில்லை என்றால், உங்கள் லோடு இன்னும் முழுசாக ஏறவில்லை.