கிரேக்கக் காசும் திருவொற்றியூர்ப் புளியும்

பழைய காசு சேர்க்கிறவன் பாதி ஆயுளை விளக்கம் சொல்லியும் மீதி ஆயுளைப் பல்லைக் கடித்துக்கொண்டும் கழிக்கிறான். ராயபுரத்தில் ஒரு சந்துக்குள் எனக்கு நாணயக் கடை. விற்பது எல்லா நாட்டுக் காசும். எனக்கென்று சேர்ப்பது ஒன்றே ஒன்றுதான்: ரோமாபுரி ஆண்ட காலத்தில் கிரேக்க ஊர்கள் அடித்த வெண்கலக் காசு. இதே கிறுக்குப் பிடித்த அன்பர்களுக்கு நான் சொல்லப்போவது எதுவும் புதிதாக இருக்காது. மற்றவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

பாதி விலை

இந்தக் காசுகளில் ஒரு பக்கம் ரோமச் சக்கரவர்த்தியின் தலை இருக்கும். மறுபக்கம் அந்தந்த ஊரின் சாமியோ ஆறோ பழமோ இருக்கும். எழுத்து மட்டும் கிரேக்கம். ஆட்சி ஒருத்தருடையது, ஊர் பேசிய பாஷை வேறு. நமக்குப் புரியாத சங்கதியா இது? தண்டையார்பேட்டையிலிருந்து வந்த ஒருவருக்கு இதை அரைமணி நேரம் சொன்னேன். லென்ஸ் வைத்துக் காட்டினேன். டீ வேறு வாங்கிக் கொடுத்தேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தவர் காசை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ரோமு ராஜா தலைய போட்டு கிரீக்குல எழுதிக்கீறான். மிஷ்டேக்கு பீஸு நைனா இது. பாதி வெலைக்குக் குடு."

அரிசி

இடி விழுந்த பழைய செம்பு அரிசியை இழுக்கும், அதற்கு வெளிநாட்டில் கோடிக்கணக்கில் விலை என்று எவனோ கிளப்பிவிட்ட புரளி இருக்கிறதே, அவனை என் கையில் கொடுத்தால் போதும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மடியில் ஒரு பொட்டலம் அரிசி. ஆட்கள் மாறுவார்களே தவிர வேஷம் மாறாது. கண்ணாடிப் பெட்டியின்மேல் அரிசியைக் கொட்டுவார்கள், நான் பதினைந்து வருஷமாகச் சேர்த்த காசுகளை ஒவ்வொன்றாகப் பக்கத்தில் வைக்கச் சொல்வார்கள்.

போன மாதம் வந்தவரிடம் நான் நேராகவே சொல்லிவிட்டேன். இது காந்தம் இல்லை, கோபுரக் கலசம் இல்லை, எந்தக் காலத்திலும் எதையும் இழுக்காது, தயவுசெய்து அரிசியை அள்ளிக்கொண்டு கிளம்புங்கள் என்று. குரல் உயர்ந்துவிட்டது, எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். வந்தவர் கோபப்படவே இல்லை. ஒரு மணி அரிசி விடாமல் பொறுக்கிப் பொட்டலத்தில் போட்டுக்கொண்டு, படி இறங்கும்போது அக்கறையாகக் கேட்டார்: "புழுங்கலரிசிலதான பாத்தோம்? பச்சரிசில ஒரு தபா பாத்துடலாமா?"

உரைகல்

யானைக்கவுனியில் ஒரு நகை மதிப்பீட்டாளர். பெரியவர், நல்ல மனுஷர். அவரிடம் மில்லிகிராம் வரை காட்டும் தராசு உண்டு. எடை பார்க்க மட்டும்தான், ஹேட்ரியன் சக்கரவர்த்தியின் தலை போட்ட என் காசைக் கொண்டுபோனேன். வாயைத் திறந்து விஷயத்தைச் சொல்வதற்குள், நாற்பது வருஷப் பழக்கதோஷம், காசை எடுத்து உரைகல்லில் சர்ரென்று ஒரு இழுப்பு இழுத்துவிட்டார். சக்கரவர்த்திக்கு மூக்கு போய்விட்டது. மண்ணுக்குள் அத்தனை காலம் கிடந்தும் போகாத மூக்கு.

பெரியவராயிற்றே என்று அடக்கிக்கொண்டு நின்றேன். என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாரோ, தோளில் தட்டிக்கொடுத்தார்: "மனச விட்டுடாதீங்க தம்பி, தங்கம் இல்லேன்னா என்ன, செம்புக்கும் இப்ப நல்ல வெலதான்."

களிம்பு

திருவொற்றியூரில் ஒரு பித்தளைக் கழிவு கோடவுன். வெளிநாட்டிலிருந்து கன்டெய்னரில் வரும் உடைந்த குழாய், பூட்டு, கைப்பிடியெல்லாம் அங்கே தரம் பிரிப்பார்கள். பிரிக்கும் பெண்களில் தேவகி அக்காவுக்குக் கண் கூர்மை. வட்டமாக எது கிடைத்தாலும் பால்பவுடர் டப்பாவில் எனக்காக எடுத்து வைப்பார். நான் எடைக்கு எடை வேறு பித்தளை போட்டுவிட்டு எடுத்துக்கொள்வேன். மேஸ்திரி கண்டும் காணாமல் இருப்பார்.

ஒருநாள் மத்தியானம் அக்கா போனில் ஒரு படம் அனுப்பினார். பச்சையாகக் களிம்பேறிய பெரிய காசு. வளைவான துறைமுகம், உள்ளே கப்பல்கள், ஓரத்தில் ஒரு மாதுளம்பழம். சிடே என்ற கடற்கரை ஊரின் காசு. பதினைந்து வருஷமாக நான் படத்தில் மட்டுமே பார்த்தது. பழங்காசுக்குக் களிம்புதான் தோல். உருவமே அதில்தான் தங்கியிருக்கும். பதறிப்போய் உடனே குரல்பதிவு அனுப்பினேன்: "அக்கா, காலையில வர்றேன். களிம்பு இருக்கு பாரு, அதைப் பாத்துக்கோக்கா. அதான் முக்கியம்."

மறுநாள் அக்கா சிரித்த முகத்தோடு டப்பாவைத் திறந்தார். காசு பளபளவென்று மின்னியது. வீட்டுக்கு எடுத்துப்போய், புளியும் செங்கல்தூளும் போட்டு ராத்திரிச் சமையலுக்கு முன்னால் தேய்த்தாராம். கப்பல் இல்லை, துறைமுகம் இல்லை. மாதுளம்பழம் இருந்த இடத்தில் ஒரு மொட்டை மேடு. நான் கத்தினேன். சும்மா இல்லை, கோடவுனே வேலையை நிறுத்திவிட்டுப் பார்க்கும்படி கத்தினேன். இது என்ன பெறும் தெரியுமா, இந்த கோடவுனையே விற்றாலும் ஈடாகுமா என்றெல்லாம் கத்தினேன். மேஸ்திரியும் கேட்டுக்கொண்டுதான் நின்றார். அக்கா புளிக்கறை படிந்த விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "நீதான நைனா களிம்ப பாத்துக்கோன்னு சொன்னே?"

காசிமேடு

பத்து நாள் கழித்து அதே கோடவுனுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க என்று எழுதிவிடலாம், உண்மை அதுவல்ல. அந்தக் காசு வந்த லோடில் இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் போனேன். தேவகி அக்கா இல்லை. நான் கத்திய அன்று சாயங்காலமே, விலை உயர்ந்த சரக்கை வெளியே கடத்துகிறாள் என்று சொல்லி வேலையை விட்டு நிறுத்திவிட்டார்களாம். மற்ற பெண்களையும் தினமும் வாசலில் முந்தானையை உதறச் சொல்கிறார்களாம். கண்டும் காணாமல் இருந்த மேஸ்திரிதான் இதையும் என்னிடம் சொன்னார். அவரிடம் சண்டை போட்டிருக்க வேண்டும். குற்றம் என்னுடையது, எடைக்கு எடை கொடுத்துத்தான் வாங்கினேன் என்று முதலாளியிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் எனக்கும் அந்த வாசல் அடைபட்டுவிடும் என்று பேசாமல் வந்தேன். அந்தக் கோபம்தான் இன்னும் ஆறவில்லை, அது வேறு யார் மேலும் இல்லை.

விசாரித்துக்கொண்டு காசிமேட்டுக்குப் போனேன். அக்கா ஐஸ் தண்ணீரில் கையை விட்டு இறால் உரித்துக்கொண்டிருந்தார். விரலெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது. நான் நின்றேன், என்னென்னவோ சொன்னேன். பேசிப் பார்க்கிறேன் அக்கா, வேறு இடத்தில் சொல்லி வைக்கிறேன் அக்கா என்று. அவர் கை நிற்கவில்லை. ஒரு கூடை முடித்து அடுத்த கூடையை இழுத்துப் போட்டுக்கொண்டு, என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: "களிம்ப பாத்துக்கோன்னே, எனக்குத் தெரிஞ்ச மாரி பாத்துக்கினேன். நீ என்னிய பாத்துக்கினியா?"

ஆக, காசின் மேல் படிந்த பச்சை போனதற்குக் கோடவுனே அதிரக் கத்தியவன், ஒருத்தியின் வேலை போனதற்கு மேஸ்திரி முன்னால் ஒரு வார்த்தை பேசாமல் வண்டியைக் கிளப்பினான் என்பதுதான் என் சேகரிப்பிலேயே இதுவரை யாரும் விலை கேட்காத உருப்படி.