நங்கூரம் போட்ட பீங்கான்

பட்டணத்தில் கோட்டைக்கு அந்தப் பக்கம், கடற்காற்று நேரே வந்து மோதுகிற இடத்தில் நின்ற பெரிய ஓட்டலுக்குள் நான் ஒருநாளும் கால் வைத்ததில்லை. என்றாலும் அதற்குள் எத்தனை படி, எத்தனை கதவு, எந்த யன்னலால் பின்னேர வெயில் விழும் என்பதெல்லாம் எனக்குப் பாடம். என்னுடைய ஐயா அங்கேதான் வேலை செய்தார்.

றெயில் வந்த புதிதில் ஒரு வெள்ளைக்காரத் துரை கட்டிய ஓட்டலாம். படிக்கட்டெல்லாம் பர்மாத் தேக்கு. மேல்மாடி முழுக்கச் சாப்பாட்டு மண்டபம். கொழும்பிலிருந்து மரத்தூளுக்குள் புதைத்து ஐஸ்கட்டி வருமாம். வந்து சேரும்போது பாதிதான் மிச்சம் இருக்குமாம். ஓட்டலின் அடையாளம் நங்கூரம். வாசற்கதவில் நங்கூரம், கரண்டியில் நங்கூரம், ஐயாவின் வெள்ளைக் கோட்டுப் பொத்தானிலும் நங்கூரம். அம்மா அந்தக் கோட்டைத் தோய்த்தால் வேலியில் போடமாட்டா. வீட்டுக்குப் பின்னால், வாழைகளுக்கு நடுவே காயவிடுவா.

ஐயா ஓட்டலில் சாமான் அறைக்குப் பொறுப்பு என்றுதான் ஊரில் சொல்லிக்கொண்டோம். மேசை மேசையாகச் சாப்பாடு கொண்டுபோய் வைக்கிறவர் என்பது வீட்டுக்குள் இருந்த கதை. நாங்கள் மச்சம் மாமிசம் புழங்காத குடும்பம். ஐயா எங்கள் ஊர் அரியாலைக்குச் சைக்கிளில் வந்து இறங்கியதும் நேரே கிணற்றடிக்குப் போய்த் தலைமுழுகுவார். திருநீறு பூசிய பிறகுதான் எங்களைத் தொடுவார். மாரிகாலத்திலும் அப்படித்தான்.

ஒரு நத்தார்ப் பண்டிகைக்கு ஓட்டல் துரை ஐயாவுக்கு ஒரு சாப்பாட்டுப் பீங்கான் கொடுத்தான். பழைய செற் ஒன்று உடைந்து குறைந்ததில் மிஞ்சியது. கரையில் ஒரு பச்சைக் கோடு. அதை மட்டும் பார்த்தால் பெரியகடையில் விற்கிற பீங்கானுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. நடுவில்தான் நீல நங்கூரம். அம்மா அதை வாங்கி அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டு, "உதிலை ஒருதரும் சாப்பிடக் கூடாது, சொல்லிப்போட்டன்" என்றா. விலைமதிப்பான பொருள் என்பதால் அப்படிச் சொல்கிறா என்று நான் விளங்கிக்கொண்டேன். எனக்கு அப்போது எட்டு வயது.

எங்கள் பிள்ளையார் கோயிலில் ஏழாம் திருவிழா எங்கள் குடும்பத்து உபயம். அன்று குருக்கள் உபயகாரரின் பெயரும் நட்சத்திரமும் சொல்லிப் பூசை செய்வார். முடிவில் வெற்றிலை, பாக்கு, தேங்காய், பழம் வைத்துக் காளாஞ்சி கொடுப்பார். ஐயாவும் அவருடைய தமையனும் வருடம் மாறி வருடம் அதை வாங்க வேண்டும் என்று அவர்களுடைய தகப்பன் சொல்லிவிட்டுத்தான் கண்மூடினாராம். ஆனால் எங்களுக்குத் தெரிய, பெரியையாதான் ஒவ்வொரு வருடமும் வாங்கினார். அவர்தான் கோயில் மணியகாரர். கழுத்தில் உருத்திராட்சம், நெற்றியில் எப்போதும் ஈரம் காயாத திருநீறு. ஐயா கேட்டால், "அடுத்த முறை பாப்பம் தம்பி" என்பார். அவருக்கு ஒரு காணி வழக்கு நெடுங்காலமாக நடந்தது. மாதத்தில் இரண்டு மூன்று தரம் தனக்காக வழக்குப் பேசுகிற அப்புக்காத்தரோடு பட்டணம் போய், பொழுதுபடத்தான் திரும்புவார்.

பீங்கான் வந்ததற்கு அடுத்த வருடம் குருக்களே வாய்விட்டுக் கேட்டுவிட்டார், "இந்தமுறை இளையவற்றை முறையெல்லோ?" என்று. பத்துப்பேர் நின்ற இடம். பெரியையா, "ஓம், ஓம், அதுக்கென்ன" என்றார்.

ஐயா மூன்று நாள் லீவு எடுத்தார். ஒருநேரச் சாப்பாட்டோடு விரதம் இருந்தார். காளாஞ்சி வாங்கும்போது கையை எப்படி ஏந்துவது என்று அம்மாவிடம் கேட்டு, வெறுங்கையை நீட்டிப் பார்த்தார். அம்மாவுக்குச் சிரிப்பு. "நீட்டிப் பழகின கைதானே உங்கடை கை" என்றா. "அது குடுக்கிற கையடியப்பா. இது வாங்கிறது" என்றார் ஐயா. அவர் அவ்வளவு சந்தோசமாக இருந்ததை அதற்கு முன்பும் நான் பார்த்ததில்லை, பிறகும் பார்த்ததில்லை.

திருவிழாவன்று அம்மா மோதகம் அவித்துப் பித்தளைத் தட்டத்தில் அடுக்கிவிட்டு, பூக்கூடையோடு முன்னால் போனா. எங்கள் கடைக்குட்டிக் கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுத் தட்டத்தை நான் கொண்டுவர வேண்டும். தட்டத்தில் ஒரு பக்கம் களிம்பு ஏறிக் கறுத்திருந்தது. ஐயாவின் திருவிழாவுக்கு இந்தத் தட்டமா என்று எனக்கு மனம் கேட்கவில்லை. கதிரையில் ஏறி அந்தப் பீங்கானை எடுத்தேன். கிணற்றடியில் மூன்று தரம் கழுவினேன். நங்கூரம் மறையும்படி மோதகத்தைக் கோபுரமாக அடுக்கினேன். மறைக்க வேண்டும் என்று நினைத்தல்ல, கோபுரம் வடிவாக இருக்கும் என்று.

கோயிலுக்குள் ஐயா தர்ப்பையை விரலில் போட்டுக்கொண்டு குருக்களுக்கு முன்னால் நின்றார். பெயர் சொல்ல ஆயத்தம். நான் கூட்டத்துக்குள்ளால் பீங்கானைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனேன். பெரியையா குறுக்கே வந்தார்.

"உதென்ன பிள்ளை கையிலை?"

"மோதகம், பெரியையா."

"மோதகம் தெரியுது. உது ஆற்றை பீங்கான்?"

"எங்கடை. ஐயா கொண்டுவந்தவர்."

பெரியையா பச்சைக் கோட்டைப் பார்த்தார். பிறகு எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "மோதகத்தை எடுத்துப் பாருங்கோ. நடுவிலை நங்கூரம் கிடக்கும். வெள்ளைக்காரன் மாட்டிறைச்சி தின்னுற பீங்கான் உது!"

யாரோ மோதகத்தை ஒதுக்கினார்கள். நங்கூரம் கிடந்தது.

"இனிப் பிள்ளையாற்றை எலியும் வெள்ளைக்காரன் மாதிரிச் சப்பாத்துப் போட்டுக்கொண்டெல்லோ வரப்போகுது" என்று பின்னாலிருந்து ஒரு குரல். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சப்பாத்துப் போட்ட எலி எனக்குப் பிடித்திருந்தது.

"தர்ப்பையைக் கழட்டு தம்பி" என்றார் பெரியையா. "எச்சில் பீங்கான் தூக்கிற கை. இந்தக் கையிலையோ காளாஞ்சி?"

ஐயா தமையனின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். வாய் திறந்தது. பெரியையா வேறெங்கோ பார்த்தார். ஐயாவின் வாய் மூடிக்கொண்டது. தர்ப்பையைத் தானே கழற்றிக் குருக்களின் தட்டில் வைத்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தார். பீங்கானை வீதியில் போட்டு உடைத்தார்கள். மோதகத்தைக் காகம் தின்றது. உள்ளே மணி அடித்தது. காளாஞ்சியைப் பெரியையா வாங்கினார்.

ஐயா எனக்கு அடிக்கவில்லை, ஏசவுமில்லை. அம்மாதான் என்னைக் கட்டிப்பிடித்து அழுதா.

ஓட்டல் வேலையை விட்டால் கோயிலுக்குள் சேர்க்கலாம் என்று கோயிலார் சொல்லியனுப்பினார்கள். நாங்கள் ஐந்து பிள்ளைகள். ஐயா வேலையை விடவில்லை. ஒவ்வொரு வருடமும் ஏழாம் திருவிழாவன்று தலைமுழுகி, வெளிவீதியில் பூவரச மரத்துக்குக் கீழே நின்று கும்பிட்டுவிட்டு வருவார்.

பிறகு இரண்டாம் உலக யுத்தம் வந்தது. ஓட்டலைப் பட்டாளத்துக்கு எடுத்தார்கள். மண்டபத்தில் சாக்குக் கட்டில் போட்டுச் சிப்பாய்கள் படுத்தார்களாம். தேக்குப் படியில் பூட்சுக் காலோடு ஏறினார்களாம். யுத்தம் முடிந்து அவர்கள் போனபோது கூரை ஒழுகியது, சுவரில் வெடிப்பு விழுந்திருந்தது. துரைமாரும் திரும்பி வரவில்லை. யாரோ காணியோடு வாங்கி இடிக்கத் தொடங்கினார்கள். எனக்கு அப்போது கலியாணம் முடிந்திருந்தது. ஐயா என்னைக் கூட்டிக்கொண்டு பார்க்கப் போனார். முன்சுவர் விழுந்து, மேல்மாடி மண்டபம் வெளியில் தெரிந்தது. நங்கூரம் போட்ட வாசற்கதவு தெருவோரத்தில் சாத்திக் கிடந்தது.

ஐயா கையை நீட்டி மேல்மாடியின் ஒரு மூலையைக் காட்டினார்.

"உதிலைதான் உன்ரை பெரியையா இருக்கிறவர். அப்புக்காத்தரோடை வருவார். முதுகை வாசலுக்குக் காட்டிக்கொண்டுதான் இருப்பார்."

"அங்கையோ ஐயா? என்ன சாப்பிடுறவர்?"

"அப்புக்காத்தர் சாப்பிடுறதுதான்."

"அப்ப அண்டைக்கு ஏன் நீங்கள் வாய் திறக்கேல்லை? கோயிலிலை எல்லாற்றை முன்னாலையும் சொல்லியிருக்கலாமே!"

ஐயா இடிந்த சுவரையே பார்த்தார். "என்னெண்டு பிள்ளை சொல்லுறது? என்ரை கையாலைதானே வைச்சனான்."

ஓட்டல் மண்ணோடு மண்ணாகி ஐந்து மாதத்தில் ஐயாவும் போய்விட்டார். அந்தக் கையில் ஒருநாளும் காளாஞ்சி ஏறவில்லை. பெரியையா தொண்ணூறு வயதுவரை வாங்கினார். நான் இன்றும் அந்தக் கோயிலுக்குத்தான் போகிறேன். பிள்ளையாரில் எனக்குக் கோபமில்லை. ஆனால் ஏழாம் திருவிழாவன்று மட்டும் உள்ளே போவதில்லை. பூவரசுக்குக் கீழே நின்றுவிட்டு வருகிறேன்.

பீங்கான் உடைந்த அந்தத் திருவிழா நாள் பொழுதுபட, ஐயா கிணற்றடியில் குடம் குடமாகத் தலையில் வார்த்துக்கொண்டே இருந்தார். நான் வீட்டுச் சாமி படத்துக்கு முன்னால் போனேன். மோதகத்துக்குக் கீழே மறைந்து கிடந்த நங்கூரம் பெரியையாவுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது? பிள்ளையார்தான் காட்டியிருக்க வேண்டும் என்று நினைத்தேன். நெற்றியில் மூன்று தரம் குட்டி, காதைப் பிடித்துத் தோப்புக்கரணம் போட்டு, எங்கள் ஐயாவுக்கும் பெரியையாவைப் போல ஒரு ஞானக்கண்ணைக் கொடு பிள்ளையாரே என்று மனமுருகிக் கேட்டேன்.