தம்பூரின் சத்தம்

தொண்ணூறுகளில் ஓர் ஆடி மாதத் திங்கட்கிழமை. பாறசாலை சபை வளாகத்து எம்பிராய்டரி யூனிட்டில் நான் சூப்பர்வைசரான முதல் நாளே, வெளிநாட்டுக்கு அனுப்பிய பன்னிரண்டு மேசைவிரிப்புகள் திரும்பி வந்தன. துவைத்ததும் பூக்களைச் சுற்றித் துணி சுருங்கிப்போகிறதாம்.

மேனேஜர் தாசன் சார் அவற்றை என் மேசையில் போட்டார்.

"செல்வி, அடுத்ததும் சுருங்கினா ஆர்டரு மெஷின்ல தைச்சுக் குடுக்குத மெஷின்காரனுக்காக்கும். பத்தொன்பது பொம்பளைகளுக்கும் வேலை போவும், கேட்டியா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எங்கள் பெண்களின் தையலைக் குறை சொல்ல எவருக்கும் வாய் வராது. நூல், ஊசி எல்லாவற்றையும் பார்த்தேன். குறையில்லை.

இரண்டு வளையங்களுக்கு நடுவே துணியைப் பூட்டும் வட்டச் சட்டத்தை நாங்கள் தம்பூர் என்போம். மிஷனரி அம்மாமார் விட்டுப்போன பெயர். முன்பே அகராதியில் தேடியிருக்கிறேன். பிரெஞ்சில் அது முரசு. பாரசீகத்தில் முரசுக்கான ஒரு சொல், அரபியில் ஒரு நரம்புக் கருவியின் பெயரோடு கலந்து பிரெஞ்சுக்குப் போயிருக்கலாம் என்று போட்டிருந்தது. தோலைப்போலத் துணியை விறைப்பாக இழுத்துப் பூட்டுவதால் சட்டத்துக்கும் அதே பெயர்.

குன்னத்துகாலிலிருந்து வரும் மேரி அக்கா தைத்துக்கொண்டிருந்த தம்பூரை விரலால் தட்டினேன். சத்தமே இல்லை.

"இத எப்பம் பூட்டினீங்க, அக்கா?"

"வெள்ளியாச்ச, மக்கா. ஞாயிறு ஓய்வுநாளு இல்லியா, வேலையத் தொடப்பிடாது. அதான் அப்படியே வச்சிட்டுப் போனேன்."

"சனியாச்ச கழத்தியிருக்கலாமே?"

"பாதிப் பூவுல கழத்தி மாட்டினா கோணிப்போவும்."

பத்தொன்பது தம்பூர்களையும் தட்டினேன். பதினாறு ஊமை. மழை ஈரத்தில் ஞாயிறு முழுவதும் பூட்டிக் கிடந்த துணி தொய்ந்துவிட்டது. தொய்ந்த துணியில் தைத்தால் சுருங்காமல் என்ன செய்யும்?

அன்றே சொல்லிவிட்டேன். சனிக்கிழமை பூவை முடித்துத்தான் நிறுத்த வேண்டும், துணியைக் கழற்றிவிட வேண்டும். திங்கட்கிழமை பூட்டி, தட்டி, எனக்குச் சத்தம் கேட்ட பிறகுதான் ஊசி. உள்வளையத்தில் துணி வழுக்காமல் பருத்தி நாடாவும் சுற்றினோம்.

"இது தையலறையா, பேண்டு செட்டா?" என்று மேரி அக்கா கிண்டலடித்தார். ஆனாலும் அவர் தம்பூர்தான் எல்லோருடையதையும்விட உரக்கப் பேசியது.

புதிய பன்னிரண்டும் முடிந்ததும் தாசன் சார் முன்னிலையில் நானே வாளியில் முக்கித் துவைத்தேன். காய்ந்ததும் அவர் ஒவ்வொன்றாக உள்ளங்கையால் தடவினார். ஒரு சுருக்கம் கிடையாது. எனக்குக் கண் கலங்கியது, சந்தோஷத்தில்தான்.

"மெஷின்காரனுக்கு நாளைக்கு போன் பண்ணி வேண்டாம்னு சொல்லுதேன்" என்றார்.

"நாளைக்கு எதுக்கு, சார்? இப்பமே பண்ணுங்க."

பத்தொன்பது பெண்களும் எழுந்து வந்து நின்றுகொண்டார்கள். அவர்கள் காதில் விழும்படியே போன் பண்ணினார்.

இங்கே தையல் பழக வந்திருக்கும் பிள்ளைகளே, வேலையில் குறை வந்தால் கையை மட்டும் சோதிக்காதீர்கள். வேலை நடக்காத நாளையும் போய்ப் பாருங்கள்.