ரதோய்கா கொடுத்த நான்கு மாத்திரைகள்

நாடக அரங்கில் ரதோய்காவின் இடம் மேடை விளிம்புக்குக் கீழே ஒரு பெட்டிக்குள். தலை மட்டும் மேடைமட்டத்துக்கு மேலே தெரியும். அதையும் ஒரு மர மூடி பார்வையாளர்களிடமிருந்து மறைத்துவிடும். நடிகர்கள் வசனத்தைக் கோட்டைவிட்டால் முதல் இரண்டு சொல்லை எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. திஸா ஆற்றங்கரையில் இருந்த அந்தச் சின்ன ஊரின் அரங்கில் முப்பது வருஷமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

பெட்டிக்குள் உட்கார்ந்தால் இடைவேளை வரை எழுந்திருக்க முடியாது. ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் அதுவே அவளுக்குப் பெரும்பாடாகிவிட்டது. சிறுநீர் முட்டினால் ஒரு நிமிஷம் பொறுக்காது. காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வந்து பார்த்தாள். கறுப்புப் பாவாடைக்கு அடியில் துணி வைத்துப் பார்த்தாள். ஒரு குளிர்காலத்தில் இளம் நடிகை ஒருத்தி வசனம் மறந்து கீழே பார்த்தபோது பெட்டி காலியாக இருந்தது. அந்தப் பெண் பேந்தப் பேந்த விழித்ததை ஊரே சொல்லிச் சிரித்தது. மறுநாளே ரதோய்கா ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

டாக்டர் இல்திகோ எடுத்த எடுப்பில் மருந்து எழுதவில்லை. சிறுநீரைச் சோதித்தார். கண்ணில் அழுத்தம் உண்டா, மலச்சிக்கல் உண்டா, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், போய்விட்டு வந்த பிறகும் பாக்கி இருப்பதுபோல் தோன்றுமா என்று குடைந்து குடைந்து கேட்டார். காபியைக் குறைக்கச் சொன்னார். அவசரம் வந்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போட்டுப் பழகச் சொன்னார். அதற்கப்புறம்தான் மருந்துச் சீட்டு.

"தினம் ஒண்ணு, ஒரே நேரத்துல. மெல்லக் கூடாது, அப்படியே முழுங்கணும். வாய் வறளும், அது பரவாயில்ல. கண்ணு மங்கினாலோ, மூத்திரம் வராம நின்னுபோனாலோ அன்னிக்கே எங்கிட்ட வரணும். இன்னொண்ணு, இது உங்க உடம்பைப் பாத்து எழுதினது. வேற யாருக்கும் குடுத்துடாதீங்க."

"குடுக்கறதுக்கு வீட்ல யாரு இருக்கா டாக்டர்?" என்று ரதோய்கா சிரித்தாள். கணவன் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகியிருந்தது, மகன் வியன்னாவில்.

மருந்து கேட்டது. வாய் வறண்டதற்குப் புளிப்பு மிட்டாய் அடக்கிக்கொண்டாள். சில வாரங்களில் இடைவேளை வரை அசையாமல் உட்கார முடிந்தது. அந்த நிம்மதியைப் பற்றி அவள் ஒரே ஒருவரிடம்தான் சொன்னாள்: மிலிவோயிடம்.

மிலிவோய் அவள் மகனுக்கு ஞானத்தகப்பன். அவர்கள் பக்கத்தில் அது ரத்த உறவுக்கு ஒரு படி மேல். அறுபத்து நான்கு வயது வரை அவர் மேடையில் வேலைக்காரனாகவும் தபால்காரனாகவும் குடிகாரனாகவுமே வந்து போனவர். அந்த வசந்தத்தில்தான் முதல்முறையாக முக்கிய வேடம் கிடைத்தது. ஒரு படகோட்டிக் கிழவன். திரை எழும்போது படகில் உட்கார்ந்திருப்பான். நாடகம் முடியும்வரை இறங்கவே மாட்டான். இடைவேளை கிடையாது.

ஒத்திகையில் மிலிவோய் மூன்று தடவை படகை விட்டு இறங்கிக் கழிப்பறைக்கு ஓடினார். இயக்குநர் முகம் சுளித்தார். வெள்ளிக்கிழமை மதியம் மிலிவோய் ரதோய்காவை உடை அறைக்குப் பின்னால் மடக்கினார்.

"ரதா, அந்த மாத்திரையில ரெண்டு குடு."

"போய் டாக்டரைப் பாரு."

"இப்போ அந்தம்மாவைப் பாக்க ஆறு வாரம் ஆகுமாம். ஞாயித்துக்கிழமை அரங்கேற்றம். அதுக்குள்ள படகுல ஓட்டை போட்டு வெச்சுக்கவா?"

"விளையாடாத மிலே. யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"நான் யாரோவா? இத்தனை வருஷத்துல எனக்குன்னு வந்தது இது ஒண்ணுதான் ரதா."

கடைசியாகச் சொன்னதை அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை. ரதோய்கா பையைத் திறந்தாள்.

அவளுக்குத் தெரியாமல் இல்லை. மிலிவோய் கழிப்பறையில் வெகுநேரம் நிற்பார். "உள்ள தனி நாடகம் நடத்திட்டிருக்கார்" என்று மேடைப் பணியாட்கள் கிண்டல் செய்யும்போது அவளும் கூடச் சிரித்திருக்கிறாள். சிறுநீர் போக முக்கித் தவிப்பவர்கள் இதைச் சாப்பிடக் கூடாது என்று மருந்துப் பெட்டிக்குள் இருந்த தாளில் படித்ததும் ஞாபகம் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் அவளுக்கு மனம் வரவில்லை. நான்கு மாத்திரைகளைக் கைக்குட்டையில் முடிந்து கொடுத்தாள்.

சனிக்கிழமை ஒத்திகையில் மிலிவோய் படகை விட்டு இறங்கவில்லை. முடிந்ததும் பெட்டிக்கு அருகே மண்டியிட்டு அவள் நெற்றியில் முத்தம் கொடுத்தார். "நீதான் என் துடுப்பு" என்றார்.

ஞாயிறன்று அரங்கு நிறைந்திருந்தது. மிலிவோயின் மனைவி ஸ்லாவ்கா முதல் வரிசையில், புதிதாகத் தைத்த நீல உடையில். காலையில் மிலிவோய் மூக்கடைப்பு என்று ஏதோ ஜலதோஷ மருந்து வேறு குடித்திருந்தார். அதுவும் சிறுநீரை அடைக்கக்கூடிய வகை; அவர் குடித்தது யாருக்கும் தெரியாது.

முதல் அரைமணி நேரம் மிலிவோய் யாரும் பார்த்திராத மிலிவோயாக இருந்தார். பிறகு ரதோய்காவின் காதில் ஒரு சத்தம் விழுந்தது: நாக்கு அண்ணத்தில் ஒட்டி ஒட்டிப் பிரிகிற 'ட்டக்'. அவள் வசனத்தை எடுத்துக் கொடுத்தாள். அவர் கண்ணால் 'தெரியும்' என்றார். வசனம் மறக்கவில்லை, வாய்தான் வரவில்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் அவர் கை அடிவயிற்றை அழுத்தியது. வேர்வையில் ஒப்பனை கரைந்து தாடியில் வழிந்தது. ஆற்றைப் பார்த்து மகளைக் கூப்பிட வேண்டிய இடத்தில் அவர் படகிலிருந்து எழுந்தார், குனிந்தார், அப்படியே விழுந்தார். திரை இறங்கியது. நடிப்பு என்று நினைத்து ஜனங்கள் கை தட்டினார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் இல்திகோதான் இருந்தார். மிலிவோய்க்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டு வயிறு பானைபோல் ஊதியிருந்தது. குழாய் போட்டு இறக்கிய பிறகு டாக்டர் தாழ்வாரத்துக்கு வந்தார்.

"பிராஸ்டேட் வீங்கியிருக்கு. ஆனா இப்படித் திடீர்னு அடைக்க ஏதாவது காரணம் இருக்கணும். புதுசா ஏதாவது மாத்திரை சாப்பிட்டாரா?"

"ரத்த அழுத்த மாத்திரை மட்டுந்தான் டாக்டர்" என்றாள் ஸ்லாவ்கா. "வேற எது சாப்பிட்டாலும் எங்கிட்ட சொல்லிடுவார்."

டாக்டர் ரதோய்காவையும் பார்த்தார். ரதோய்கா மிலிவோயின் படகோட்டித் தொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் சொல்ல வேண்டியதை எடுத்துக் கொடுத்தவளுக்குத் தான் சொல்ல வேண்டிய ஒன்று வாயிலிருந்து வரவில்லை. டாக்டர் உள்ளே போய்விட்டார்.

ஸ்லாவ்கா அவள் தோளில் சாய்ந்தாள். "கூட வந்தது நீ ஒருத்திதான் ரதா. கடவுள் உன்னை நல்லா வெச்சிருக்கட்டும்."

வீட்டுக்கு வந்து ரதோய்கா ரொட்டியைப் பிட்டாள், அப்படியே வைத்துவிட்டாள். நான்கு கொடுத்தோமே, அவர் தினம் ஒன்றுதானே போட்டிருப்பார், மிச்சம் எங்கே, அதையும் போட்டுக்கொண்டால் என்ற எண்ணம் விடியற்காலையில் வந்தது. காபி கூடப் போடாமல் கிளம்பினாள்.

டாக்டர் வார்டுக்குள் நுழைகிற நேரம். ரதோய்கா வழியை மறித்தாள்.

"நான் குடுத்தேன் டாக்டர். என் மாத்திரையை. நேத்து நீங்க கேட்டப்போ சொல்லல."

டாக்டர் வார்டுக் கதவில் வைத்த கையை எடுத்தார். "எத்தனை?"

"நாலு."

"இன்னிக்குக் குழாயை எடுக்கறதா இருந்தேன். மருந்து இன்னும் உடம்புல இருக்கு. எடுத்திருந்தா மறுபடியும் அடைச்சிருக்கும். நேத்தே சொல்லியிருக்கணும் நீங்க." கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்று ரதோய்காவுக்குத் தோன்றியது. "வாங்க, அவங்ககிட்டயும் சொல்லுங்க."

கட்டிலருகே ஸ்லாவ்கா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். ரதோய்கா சொல்லி முடிக்கும்வரை உரிப்பதை நிறுத்தவில்லை. மிலிவோய் தலையணைக்கடியிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். உள்ளே ஒரு மாத்திரை இருந்தது.

"வீட்டுக்குப் போற வழியில அவசரம் வந்தா போட்டுக்கலாம்னு வெச்சிருந்தேன்" என்றார், திருடிய பையன்போல. "ஸ்லாவ்கா, கேட்டது நான்தான். அவ முடியாதுன்னுதான் சொன்னா."

"நீ கேப்ப. உனக்கு வேஷம் பெருசு" என்றாள் ஸ்லாவ்கா. பிறகு ரதோய்காவிடம் திரும்பினாள். "நேத்து உன் தோள்ல சாஞ்சு அழுதேனே, அப்போ கூடச் சும்மா நின்னியே. மாத்திரை குடுத்ததைக் கூட மன்னிச்சிருவேன். இதை முடியாது. போயிடு."

ரதோய்கா போனாள்.

மிலிவோய்க்கு அவர் உடம்புக்கு ஏற்ற வேறு மருந்து கொடுத்தார்கள்; அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை. ஆனால் படகோட்டி வேடம் நோவி சாத் நகரத்திலிருந்து வந்த ஓர் இளைஞனுக்குப் போய்விட்டது. ஒட்டுத்தாடியுடன் அவன் நன்றாகவே செய்தான். ரதோய்கா ஒவ்வொரு முறையும் பெட்டிக்குள் இருந்து அவனுக்கு வசனம் எடுத்துக் கொடுத்தாள். ஒவ்வொரு முறையும் மனதுக்குள் அதை மிலிவோயின் குரலில் கேட்டாள். கோடையோடு நாடகத்தை நிறுத்திவிட்டார்கள். இலையுதிர் காலத்தில் மிலிவோய் ஒரு தபால்காரனாக மேடைக்குத் திரும்பினார். அவளைப் பார்த்துக் கண்ணடித்தார். அவர் கோபமே படாததுதான் அவளை அதிகம் வதைத்தது.

நவம்பரில் சந்தையில் மிளகாய்க் குவியலுக்கு அந்தப் பக்கம் ஸ்லாவ்கா நின்றாள். நகர்ந்துவிடுவாள் என்று ரதோய்கா நினைத்தாள். நகரவில்லை.

"ஞாயித்துக்கிழமை அவருக்குப் பிறந்தநாள். நீ வரணும்னு பிடிவாதம் பிடிக்கறார்" என்றாள், மிளகாயைப் பொறுக்கிக்கொண்டே. "வா. ஆனா சாப்பிடற பொருள் எதுவும் எடுத்துட்டு வராத."

அவர்கள் பக்கத்தில் யார் வீட்டுக்கும் வெறுங்கையோடு போவதில்லை, அது அவமானம். ரதோய்கா வெறுங்கையோடு போனாள். விருந்தாளிகள் அவள் கையைப் பார்த்தார்கள். ஸ்லாவ்கா ஒரு தட்டைக் கொண்டுவந்து, முகத்தைப் பார்க்காமல், அவள் முன்னால் வைத்தாள்.

"சாப்பிடு, ஆறிடும்" என்றாள்.