வாழைநார்ச் சட்டைக்காகக் கிணத்துக்கடவு வரை

வழக்கமாக இந்த வலைப்பூவில் அருவி, அணை, கோயில் என்றுதான் எழுதுவேன். இந்தத் தடவை போனது ஒரு சட்டைக்காக. போன பிப்ரவரி கடைசியில் ஒரு சனிக்கிழமை, திருச்சியிலிருந்து கிணத்துக்கடவுக்கு நானும் என் மகள் இனியாவும் போய்வந்தோம். அவளுக்குப் பத்து வயது. அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "பேரை மட்டும் மாத்திப் போடுப்பா" என்றாள். மாற்றியிருக்கிறேன்.

இனியாவுக்கு வியர்வை அதிகம். மருத்துவரிடம் காட்டினோம். நோய் ஒன்றுமில்லை, சில பிள்ளைகளுக்கு அப்படித்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஆனால் பள்ளியில் புதன்கிழமை விளையாட்டுப் பீரியடுக்குப் போடச் சொல்லும் பனியன் முழுக்கப் பாலியஸ்டர். எத்தனை தடவை துவைத்தாலும், வியர்வை பட்டதும் பழைய நாற்றம் திரும்ப வந்து நிற்கும். வகுப்பில் யாரோ மூக்கைப் பிடித்திருக்கிறார்கள். அதை அவள் எங்களிடம் சொல்லவில்லை. வயிற்று வலி என்று படுத்துக்கொண்டாள். நானும் ஓமத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன். என் மனைவிதான், "இந்த வலி புதன்கிழமை மட்டும் வருது, கவனிச்சீங்களா?" என்று கேட்டாள்.

அதன் பிறகு எனக்குத் தூக்கம் சரியில்லை. இணையத்தில் தேடியதில், குலை வெட்டியபின் தோட்டத்தில் வீணாகக் கிடக்கும் வாழை மரத்திலிருந்து நார் எடுத்து, பருத்தியோடு கலந்து, குழந்தைகளுக்கு உடை தைக்கிறவர் ஒருவர் கிணத்துக்கடவு பக்கம் இருப்பது தெரிந்தது. நாற்றம் சீக்கிரம் ஒட்டாத துணியாம். போனில் பேசினேன்.

"போன்ல சொன்னா நான் யாவாரம் பேசற மாதிரி ஆயிருமுங்க. பாப்பாவைக் கூட்டிட்டு ஒருக்கா வாங்க. போட்டுப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க" என்றார். அவர் பெயரைச் சாந்தாமணி என்று வைத்துக்கொள்வோம்.

போவதா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். ஆசை காட்டிக் கூட்டிப்போய், அங்கேயும் ஒன்றும் ஆகவில்லை என்றால் பிள்ளை என்ன நினைப்பாள்?

காலை ஐந்து மணிக்குத் திருச்சி மத்தியப் பேருந்து நிலையத்தில் கோவை வண்டி ஏறினோம். எனக்கு 185 ரூபாய், அவளுக்கு அரை டிக்கெட். மூன்று பேர் சீட்டில் ஜன்னல் ஓரம் அவள், நடுவில் நான். கரூரில் ஓர் அம்மா ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். அதன் பிறகு நான் சாலையைப் பார்க்கவில்லை, அந்த அம்மாவின் முகத்தையேதான் பார்த்துக்கொண்டு வந்தேன். அவர் முந்தானையை மூக்கருகே கொண்டுபோகும் போதெல்லாம் நான் இனியா பக்கம் இன்னும் நெருங்கி உட்கார்ந்தேன். காங்கயம் தாண்டியதும் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். அவருக்கு வெறும் சளி.

சிங்காநல்லூர் வந்து சேர மணி பத்தேகால். அங்கிருந்து டவுன் பஸ்ஸில் உக்கடம், உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ். கிணத்துக்கடவு ஏறக்குறைய இருபத்தைந்து கிலோமீட்டர், முப்பது ரூபாய். இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு, நடுவில் நல்ல அகலமான சாலை. காற்று பலமாக அடிக்கும் ஊர். ஸ்டாப்பில் இறங்கி ஆட்டோ கேட்டோம்.

"ஏனுங்க, எங்கீங்க போகோணும்?"

இடத்தைச் சொன்னேன். ஆறு கிலோமீட்டர், 150 ரூபாய் கேட்டார்.

"அட, அந்த வாழநார் கம்பெனிங்களா? அதுக்கு வழி கேக்கவே வேண்டாமுங்க. மூக்கைப் புடிச்சுக்கிட்டே போனா வந்துரும்" என்று சிரித்தார். அவர் சும்மா சொன்னதுதான். இனியா உடனே வெளியே பார்க்கத் தொடங்கிவிட்டாள். நான் பேச்சை மாற்ற, தேங்காய் விலை என்னங்க என்று கேட்டேன். அது போகும் வழி முழுக்கப் போதுமானதாக இருந்தது.

டிரைவர் சொன்னது பொய்யில்லை. தோட்டத்து வாசலில் இறங்கியதுமே குப்பென்று அடித்தது. அழுகிய பழமும் சாக்கடையும் கலந்த மாதிரி ஒரு நாற்றம். தகரக் கொட்டகைக்குள் மிஷின் ஓடியது. இரண்டு பெண்கள் வாழை மட்டைகளை ஒவ்வொன்றாக அதற்குள் கொடுத்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் ஈர நார் வந்தது, இன்னொரு பக்கம் சக்கை கொட்டியது. குவிந்து கிடந்த அந்தச் சக்கையிலிருந்துதான் நாற்றம்.

நான் அதைப் பார்த்துக்கொண்டிருக்கையில் இனியா என் பக்கத்தில் இல்லை. திரும்பினால், கேட்டுக்குப் பக்கத்திலேயே, இரண்டு கையையும் உடம்போடு ஒட்டிவைத்து நின்றாள். கிட்டே போனேன். முகம் வெளுத்திருந்தது.

"அப்பா, இது என்கிட்ட இருந்தா வருது?"

பஸ், வெயில், மறுபடி பஸ் என்று வந்திருக்கிறோம். அத்தனை பெரிய குப்பை மேடு கண்ணெதிரே இருந்தும், அந்தப் பிள்ளைக்கு முதலில் சந்தேகம் தன் மேல்தான் வந்திருக்கிறது. இந்த நாலைந்து மாதத்தில் அவள் எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

பின்னாலேயே வந்த சாந்தாமணிக்கு அது கேட்டிருக்க வேண்டும். நாற்பதைத் தாண்டியவர், நைட்டியின் மேல் ஆண்கள் சட்டை போட்டிருந்தார். "அது எங்க சக்கைங்க கண்ணு. ரெண்டு நாளா உரத்துக்கு எடுக்கற வண்டி வரலை. எனக்கே தலை வலிக்குது, வா அந்தப் பக்கம் போயிரலாம்" என்று சாதாரணமாகச் சொல்லி, கையைப் பிடித்துக் கூட்டிப்போனார்.

காற்று வரும் பக்கத்தில் தையல் கொட்டகை. கொடியில் காய்ந்த நார் பழுப்பு வெள்ளையாகத் தொங்கியது. முகர்ந்து பார்த்தேன், வைக்கோல் வாசம் மட்டும். இதை மில்லுக்கு அனுப்பி, மென்மையாக்கி, பஞ்சு இழையின் நீளத்துக்கு வெட்டி, பருத்தியோடு நூற்று, திருப்பூரில் துணியாக்கித் திரும்பக் கொண்டுவருகிறார்களாம். பத்துப் பங்கில் மூன்று பங்கு வாழை, மீதி பருத்தி.

மனதில் இருந்ததையெல்லாம் கேட்டேன். நாற்றம் வராமல் இருக்க மருந்து ஏதும் போடுகிறீர்களா? தோல் அரிக்குமா?

"மருந்து போட்ட துணி வேற இருக்குதுங்க. பத்துத் தடவை தொவைச்சா போயிருமுங்க. இது அப்படியில்ல. ஈரத்தை இழுத்து வெளிய விட்டுரும், அதனால நாத்தம் தங்கறது கம்மி. சுத்தமா வராதுன்னு நான் சொல்லமாட்டேனுங்க. மொதல்ல நெய்ஞ்சது சாக்கு மாதிரி அரிச்சுது, அத்தனையும் மிதியடிக்குக் குடுத்துபோட்டேன். இது அரிக்காது. அம்மணி சொல்லட்டும்."

அவர் நீட்டிய சட்டையை இனியா கழுத்துப் பக்கம் தேய்த்துப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் மாற்றிக்கொண்டு வந்தாள். போட்டு வந்த சட்டையை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சிட்டு, அதை இன்னொரு பைக்குள் போட்டு மறுபடி முடிச்சிட்டாள். இரண்டு பையும் வீட்டிலிருந்தே கொண்டுவந்தவை. நான் கவனிக்காத மாதிரி நின்றேன்.

"சும்மா உக்காந்திருந்தா என்ன தெரியுமுங்க? பொன்மலை ஏறிட்டு வாங்க" என்றார் சாந்தாமணி. கிணத்துக்கடவு ஊருக்குள்ளேயே இருக்கும் சின்னக் குன்று அது, மேலே முருகன் கோயில். மதியம் நடை சாத்தியிருக்கும் என்பதால், ஊருக்குள் சாப்பிட்டுவிட்டு (சாப்பாடு நூறு ரூபாய், ரசம் பிரமாதம்) நாலு மணிக்கு ஏறினோம். வெயில் குறையவே இல்லை. இனியா வேண்டுமென்றே ஓடினாள். பாதிப் படியில் நின்று, திரும்ப இறங்கி, மறுபடி ஓடினாள். விளையாட்டு மாதிரி இல்லை, பரீட்சை எழுதுகிற மாதிரி இருந்தது.

மேலே பாறையில் உட்கார்ந்தோம். கழுத்தெல்லாம் வியர்வை ஊற்றியது. கொஞ்ச நேரம் காற்றில் இருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "பாரு" என்றாள்.

குனிந்தேன். வாசம் இருந்தது.

பழைய பனியனில் வரும் அந்தக் காட்டம் இல்லை, பாதிகூட இல்லை. ஆனால் இருந்தது. இல்லை என்று சொல்லிவிடலாம், சந்தோஷப்படுவாள். அதை நம்பிப் புதன்கிழமை பள்ளிக்குப் போவாள். அங்கே யாராவது ஏதாவது சொன்னால், அதன் பிறகு என் பேச்சையும் நம்பமாட்டாள்.

"கொஞ்சம் இருக்கும்மா. முன்னைக்கு இப்ப ரொம்பக் கம்மி. ஆனா இருக்கு."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கீழே போகும் பஸ்களைப் பார்த்தாள். "நீ மூக்கை வச்சுப் பாத்ததால தெரிஞ்சுது. தள்ளி நின்னா?"

இரண்டு அடி தள்ளி நின்றேன். "இங்க தெரியல."

"கொஞ்சம் கிட்ட வா. பெஞ்சுல பக்கத்துல உக்கார்ற அளவுக்கு."

"இங்கயும் தெரியல."

"சத்தியமா?"

"சத்தியமா."

பிறகு என் சட்டையை முகர்ந்தாள். முகத்தைச் சுளித்து, "உனக்குத்தாம்ப்பா மொதல்ல வாங்கணும்" என்றாள். பல நாள் கழித்து அவள் அப்படிச் சிரித்ததைப் பார்த்தேன்.

தோட்டத்துக்குத் திரும்பிப் போய் மூன்று சட்டை வாங்கினோம், ஒன்று 420 ரூபாய். சாந்தாமணியிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். "அவ்வளவுதானுங்க துணியால முடியும்" என்றார். கோவை திரும்பி, காந்திபுரத்தில் தங்கி, ஞாயிறு காலை வண்டியில் ஊர் வந்தோம்.

இதே காரணத்துக்குப் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. முன்னமே போன் செய்துவிட்டுப் போங்கள், நார் எடுக்கும் இடங்களில் எல்லா நாளும் மிஷின் ஓடுவதில்லை. குழந்தையைக் கூட்டிப்போனால், அங்கே சக்கை நாறும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். நான் சொல்லாமல் போனது தவறு. வாங்கும் முன் போட்டு வியர்க்க வையுங்கள், அதற்குப் பொன்மலை நல்ல இடம். துணியைச் சாதாரணச் சோப்பில் அலசி நிழலில் உலர்த்தினால் போதும், வாசனைத் திரவம் ஊற்றாதீர்கள். விலை அதிகம்தான். நாற்றமே வராது என்று எழுதியிருந்தால் நம்பாதீர்கள்.

புதன்கிழமை அந்தச் சட்டையை யூனிஃபார்முக்கு உள்ளே போட்டுக்கொண்டு போனாள். பனியனுக்குப் பதிலாக இதைப் போட்டு ஆடலாமா என்று விளையாட்டு ஆசிரியரிடம் முன்னதாகவே கேட்டிருந்தேன், சரி என்றார். அன்று அரை நாள் லீவு போட்டு, பள்ளி விடும் முன்பே கேட்டில் போய் நின்றேன். வந்தாள். முழங்காலில் மண், தலை முழுக்க ஈரம்.

"யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?"

"ஒருத்தி சொன்னா."

"நீ என்ன சொன்ன?"

"கோகோ ஆடினேன், வேர்த்திருக்குன்னு சொன்னேன்" என்றாள். "அவளும் ஆடினாப்பா. அவளுக்கும் வேர்த்திருந்துச்சு." பையை என் கையில் கொடுத்துவிட்டு, தோழிகளுக்குக் கையசைத்தபடி முன்னால் நடந்தாள்.