சக்கரம் கழற்றிய பேருந்து

ஆர்லோ ஹாஸ்கின்ஸை எனக்கு ஒன்பது வருடமாகத் தெரியும். அதில் எட்டு வருடம் அவரோடு சண்டை போட்டே கழிந்தது. சண்டை எல்லாம் பிரேக்கைப் பற்றித்தான்.

எங்கள் முகாமில் இருப்பவர்கள் எல்லோருமே ஒரே மாதிரி கிறுக்கர்கள். ஓய்வு பெற்றதும் வீட்டை விற்றுவிட்டுப் பழைய பேருந்து ஒன்றை ஏலத்தில் எடுப்போம். இருக்கைகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் வைத்து அதையே வீடாக்கிக்கொள்வோம். குளிர்காலம் முழுக்க அரிசோனாப் பாலைவனத்தில் கிடப்போம். மே மாதம் பிறந்தால் வெயிலுக்குப் பயந்து மலைக்கு ஓடிவிடுவோம். நான் மட்டும் கொஞ்சம் வேறு; ஏசி கூட இல்லாத ஒரு சின்ன டிரெய்லர் வீட்டை என் பிக்கப் வண்டியில் இழுத்துக்கொண்டு திரிபவள். இருபத்தாறு வருடம் லாரிப் பட்டறையில் பிரேக் வேலை பார்த்தவள். அதனால் முகாமில் எந்த வண்டிக்கு அடியில் இரண்டு கால் நீட்டிக்கொண்டிருந்தாலும் அது டோட்டியின் கால் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஆர்லோ நெப்ராஸ்காவில் ஒரு சின்ன ஊரில் முப்பத்தொரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். மனைவி நெட்டி அதே பள்ளியின் சமையலறையில் வேலை பார்த்தவள். கடைசியாக அவர் ஓட்டிய பேருந்தையே பள்ளிக்காரர்கள் ஏலம் விட்டபோது, மற்றவர்கள் மூக்கைச் சொறிவதற்குள் இவர் கையைத் தூக்கிவிட்டாராம்.

"என்னைக் கட்டிக்கக் கேக்குறதுக்கு இந்தக் கிழவனுக்கு நாலு வருஷம் ஆச்சு டோட்டி. இந்தத் தகர டப்பாவுக்கு நாலு நிமிஷம் ஆகல" என்பாள் நெட்டி.

நெட்டிக்கு நரம்பு நோய். குளிர்ச்சியாக இருந்தால் கோலை ஊன்றிக்கொண்டு நடப்பாள், வாய் ஓயாமல் பேசுவாள். உடம்பில் சூடு ஏறிவிட்டால் முதலில் கால் போகும், பிறகு கை, அப்புறம் நாக்கு குழறும். அதனால்தான் ஆர்லோவுக்கு ஏசிதான் உயிர். முதல் வருடம் கூரையில் ஒன்று வைத்தார். போதவில்லை என்று இரண்டாவது. பக்கத்து ஜன்னல்களைத் தகடு வைத்து அடைத்து, சுவருக்குள் பஞ்சைத் திணித்து, மூன்றாவதையும் ஏற்றினார். அதற்கெல்லாம் மின்சாரம் வேண்டாமா? பின்னால் ஒரு பெரிய ஜெனரேட்டர், கட்டிலுக்கு அடியில் எட்டு பேட்டரி. தினமும் காலையில் காபி குடிக்கும் முன் கூரைமேல் ஏறி, ஏசிக்குள் படிந்த புழுதியைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தட்டி எடுப்பார். மூலை முடுக்கில் கூட ஒரு தூசி இருக்காது. உள்ளே போனால் எனக்குப் பல் கிட்டித்துவிடும்.

இத்தனை பாரத்தையும் ஏற்றிய மனுஷன், அதை நிறுத்துகிற பிரேக்கை என்ன செய்தார்? அங்கேதான் என் வயிறு எரியும்.

காற்று பிரேக்கில் கட்டை தேயத் தேய இடைவெளி கூடும். அதை அவ்வப்போது இறுக்க ஒரு அட்ஜஸ்டர் உண்டு. ஆர்லோ வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அதைக் கையால்தான் இறுக்க வேண்டும். இப்போது வருவது தானாகவே இறுகிக்கொள்ளும். அதைத் தொடவே கூடாது. தானாக இறுகவில்லையா, கெட்டுப்போச்சு, மாற்று, அவ்வளவுதான். இவரோ ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும், மற்றவர்கள் பிரார்த்தனைக்குப் போகிற நேரத்தில், ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு வண்டிக்கு அடியில் நுழைந்துவிடுவார். அரைச் சுற்று இறுக்குவார். பிரேக் நன்றாகப் பிடிக்கும். மறு ஞாயிறு மறுபடி தளர்ந்திருக்கும், மறுபடி இறுக்குவார். கெட்டுப்போனது தெரியாமல் இவரே மூடி மூடி வைத்தார்.

"யோவ் ஆர்லோ, அது ஆட்டோமேட்டிக்குய்யா! கை வைக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது?"

"நாற்பது புள்ளைங்கள வச்சுக்கிட்டு பனியில ஓட்டினவன் நான். எனக்குப் பிரேக் சொல்லித் தர வந்துட்டியா?"

"புள்ளைங்க சாகாம இருந்தது சாமி புண்ணியம்!"

வீட்டு வண்டி என்று பதிவு செய்துவிட்டால் அரசாங்கமும் எட்டிப் பார்ப்பதில்லை. யார் கேட்பது?

கடைசியில் கேட்டது நெட்டிதான். போன இலையுதிர் காலத்தில் மலையிலிருந்து இறங்கியபோது கருகின நாற்றம் அடித்ததாம். மே மாதம், கிளம்ப ஐந்து நாள் இருக்கும்போது, "டோட்டி பிரேக்கைப் பாக்கட்டும். இல்லேன்னா நான் இந்த வண்டியில மலை ஏற மாட்டேன்" என்று ஆர்லோவிடம் சொல்லிவிட்டாள்.

பார்த்தேன். பிரேக்கை மிதித்தால் அடியில் ஒரு கம்பி வெளியே வரும். அது இரண்டு அங்குலத்தைத் தாண்டக் கூடாது. பின்சக்கரம் இரண்டிலும் இரண்டரை வந்தது. சக்கரத்தைக் கழற்றினால், கட்டை அழுத்திப் பிடிக்கிற இரும்பு டிரம் சூட்டில் நீலம் பாரித்து வெடித்துப் போயிருந்தது. எனக்கு வந்த கோபத்தில் ஸ்பேனரை வீசி எறிந்தேன். அப்படியே மலை இறங்கியிருந்தால் இரண்டு பேரையும் பள்ளத்தில்தான் பொறுக்கியிருக்க வேண்டும். "இது ஒரு அடி நகராது" என்றேன். ஒரு பக்கம் மட்டும் மாற்றுவது எங்கள் தொழிலில் கிடையாது. இரண்டு பின்சக்கரத்தையும் கழற்றி, வண்டியைத் தாங்கிமேல் நிறுத்தினேன்.

மூன்று நாளில் வருவதாகக் கடைக்காரர் சொன்ன சாமான் மூன்று வாரம் ஆகியும் வரவில்லை. ஒவ்வொரு வண்டியாகக் கிளம்பி, முகாமே காலியாகிவிட்டது. மிஞ்சியது அவர்கள் இரண்டு பேரும் நானும். ஜூன் பிறந்தது. வெளியே கதவுப் பிடியைத் தொட்டால் கை வெந்துபோகும்.

ஒரு செவ்வாய்க்கிழமை, சாமான் வந்துவிட்டது என்று ஃபீனிக்ஸ் கடையிலிருந்து போன் வந்தது. போக இரண்டரை மணி, வர இரண்டரை மணி. அங்கே ஓடுகிற நிலையில் இருந்தது என் பிக்கப் ஒன்றுதான்.

"நெட்டி, நீயும் வாயேன்" என்று கூப்பிட்டேன்.

"உன் வண்டியில வந்தா என் முதுகெலும்பைத் தனியா ஒரு பையில எடுத்துட்டு வரணும். போயிட்டு வா. வரும்போது பீச் பழம் வாங்கிட்டு வா."

"ஏசி நல்லா ஓடுது. நீ போ" என்றார் ஆர்லோ.

போனேன். டிரம், அட்ஜஸ்டர், கட்டை எல்லாவற்றையும் சரிபார்த்து வாங்கினேன். பழமும் வாங்கினேன்.

பதினொன்றரைக்கு ஜெனரேட்டர் நின்றிருக்கிறது. உள்ளே பேரிங் இறுகிப் பிடித்துக்கொண்டது. மூன்று ஏசிக்கும் பேட்டரி இருபது நிமிடம்தான் தாங்கியது. ஜன்னல்களைத்தான் தகடு வைத்து அடைத்தாயிற்றே, காற்று எங்கிருந்து வரும்? இருந்த தண்ணீரையெல்லாம் துணியில் நனைத்து அவள்மேல் போட்டிருக்கிறார். சிக்னலுக்காகக் கொதிக்கிற கூரைமேல் ஏறி நின்று ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கிறார். ஊரில் இருந்த ஒரே ஆம்புலன்ஸ் வேறு எங்கோ போயிருந்ததால், அது வர ஒரு மணி நேரமும் பத்து நிமிடமும் ஆனது. எனக்கும் போன் அடித்திருக்கிறார். நான் கடைக்குள் டிரம்மில் கீறல் இருக்கிறதா என்று தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். போன் வண்டியில் கிடந்தது.

நான் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வெகுநேரம் போராடிப் பார்த்த ஆம்புலன்ஸ்காரர்கள் அவளை வெள்ளைத் துணியால் மூடி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஆர்லோவின் உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம்.

ஒன்று சொல்லட்டுமா? முகாமிலிருந்து ஊருக்குள் இருக்கிற ஆஸ்பத்திரி பதினெட்டு மைல். ஒரு ஏற்றம் கிடையாது, ஒரு இறக்கம் கிடையாது. மேஜை மாதிரி சமதளம். அந்தக் கெட்ட பிரேக்கோடு, மெதுவாக, அரை மணியில் போய்ச் சேர்ந்திருக்கலாம். சக்கரம் மட்டும் இருந்திருந்தால் போதும். கழற்றினது யார்? நான். சாமான் கைக்கு வராமலே கழற்றிப் போட்டேன். பிரேக் விஷயத்தில் நான் சொன்னது ஒவ்வொன்றும் சரி. இன்றைக்கு எந்தப் பட்டறையில் கேட்டாலும் சரி என்றுதான் சொல்வார்கள். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? பாவி நான்.

ஆர்லோ நெப்ராஸ்காவுக்குப் போய் அவளை அடக்கம் செய்துவிட்டுப் பதினோராம் நாள் திரும்பி வந்தார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "வேலையை முடிச்சுடு டோட்டி" என்று மட்டும் சொன்னார்.

இரண்டு நாளில் முடித்தேன். அப்படி ஒரு வேலையை என் வாழ்நாளில் செய்ததில்லை. நான்கு சக்கரத்திலும் ஒன்றரை அங்குலம், மயிரிழை பிசகவில்லை. ஜெனரேட்டருக்கும் புது பேரிங் போட்டேன். ஆர்லோ ஏறி உட்கார்ந்து, பிரேக்குக்குக் காற்று ஏறும்வரை காத்திருந்து, காலி முகாமை ஒரு சுற்றுச் சுற்றி வந்து ஓங்கி மிதித்தார். வண்டி அறைந்தது போல நின்றது.

"நல்லாப் பிடிக்குது" என்றார்.

"அப்போ நாளைக்குக் காலையிலேயே கிளம்பு ஆர்லோ. எல்லாரும் மேல இருக்காங்க. நானும் பின்னாலயே வரேன்."

எஞ்சினை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் கோபம் ஒரு துளி இல்லை.

"எனக்கு வெயில் என்னைக்கும் ஒண்ணும் பண்ணினதில்ல டோட்டி. நான் எதுக்கு மலைக்குப் போகணும்?"