தொங்கவிட்டுப் பார்த்த பம்பர்

ஆர்லோ ஹாஃப்ஸ்டாட் பம்பர் செய்தால் ஒரு சடங்கு உண்டு. வேலை முடிந்ததும் பம்பரில் சங்கிலியைக் கட்டி, டிராக்டரின் முன்வாளியால் வண்டியின் மூக்கையே தூக்கிவிடுவார். ஒரு காபி குடித்து முடிக்கிற வரைக்கும் முன்சக்கரம் இரண்டும் அந்தரத்தில் தொங்கவேண்டும். அப்புறம்தான் சாவி கைமாறும். அமெரிக்காவின் கிழக்கு மொன்டானாவில் கடைப் பம்பரை யார் மதிக்கிறார்கள்? மான் வந்து மோதினால் அது தகர டப்பா.

முப்பத்தைந்து வருஷமாக இதே வெல்டிங் வேலை. மனுஷர் ஓய்ந்துபோய்விட்டார். தோள்வலியும் முட்டிவலியும் ஊருக்கே தெரியும். கண்ணைப் பற்றித்தான் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. போன குளிர்காலத்திலிருந்தே இரண்டிலும் புரை. ஆபரேஷனுக்கு நாள் குறிக்கச் சொன்னார் டாக்டர். வேலை குறையட்டும் என்று இவர் தள்ளிப்போட்டார். வேலை என்றைக்குக் குறைந்திருக்கிறது!

பள்ளிக்கூடத்தில் இவரோடு படித்த நோரீன்தான் இப்போது வந்திருந்தாள். பண்ணைவீடுகளுக்குத் தபால் கொடுப்பவள். சொந்த பிக்கப் வண்டியில் தினம் தொண்ணூறு மைல். இந்த வருஷம் அதற்குள் இரண்டு மான் மோதிவிட்டது. இரண்டாவதின் கால் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே வந்து, அவள் புருவத்தில் ஒன்பது தையல். நவம்பர் வேறு, ஜோடி தேடி மான்கள் கண்மண் தெரியாமல் ஓடுகிற மாதம். அடுத்த மான் எங்கே நிற்கிறதோ, அதற்கும் அவள் தலைக்கும் நடுவே இந்தப் பம்பர்தான்.

எண்ணெய்க் கிணற்றின் பழைய பைப்பில் நான்கு நாள் உழைத்து முடித்திருந்தார். நோரீன் சுற்றிவந்து பார்த்தாள்.

"ஜோரா இருக்கு. சாவியக் குடு, தபாலெல்லாம் காத்துக் கெடக்கு."

"தூக்கிப் பாக்கணும்."

"உன் வேலைய நீயே சந்தேகப்பட்டா எப்படி? நாளைக்குத் தூக்கிக்கலாம்."

ஆர்லோவுக்கும் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தது. உடம்பு அசதி ஒரு பக்கம், பயம்தான் பெரிசு. பம்பரை வண்டியோடு பிணைக்கும் கடைசித் தகட்டைப் பற்றவைக்கும்போது முகமூடிக்குள் வெறும் மூட்டம். கைப்பழக்கத்தில் ஓட்டிவிட்டார். சாவியை நீட்டப்போனவரின் கண்ணில் அந்தப் புருவத் தழும்பு பட்டது.

"தள்ளி நில்லு," என்றார்.

வண்டி ஒரு முழம் எழும்பியது. 'பட்' என்றொரு சத்தம். இடப்பக்கத் தகடு விட்டுப்போய், மூக்கு சாய்ந்து தரையில் இறங்கியது. நோரீன் குனிந்து பார்த்தாள்.

"ஆர்லோ, உன் வெல்டிங் தையல் போட்டாப்ல அழகாத்தான் இருக்கு. ஆனா பாதிக்கு மேல இணைப்புலயே இல்லையே. பக்கத்துல வெறும் தகட்டு மேல ஓடியிருக்கு."

ஆர்லோ ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். வெட்கமாக இருந்தது, அதைவிட, இவளைக் கொன்றிருப்பேனே என்ற பயம். பிறகு போனை எடுத்தார்.

பக்கத்து ஊர் வெல்டர் வெர்னை அழைத்தார். அவன் வெல்டிங்கைக் கோழி எச்சம் என்று இருபது வருஷமாக ஊரெல்லாம் சிரித்தவர் இவர்தான்.

"வெர்ன், உன் மிஷின எடுத்துக்கிட்டு கொஞ்சம் வா."

"ஏன், உன்னுது செத்துப்போச்சா?"

"மிஷின் நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் கண்ணு தெரியல."

குத்திக்காட்ட இதைவிட நல்ல வாய்ப்பு வெர்னுக்கு வாய்க்காது. ஆனால் அவன் அதைத் தொடவில்லை. "அரை மணியில வர்றேன்," என்று வைத்துவிட்டான்.

வந்தான், வண்டிக்கடியில் படுத்து இரண்டு பக்கமும் பற்றவைத்தான். ஆர்லோ டிராக்டரில் ஏறித் தூக்கினார். சக்கரங்கள் எழும்பின. நோரீன் காபியை மெதுவாகக் குடித்தாள். மூவரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள், வண்டி அசையவில்லை.

வண்டியை இறக்கி, இரும்பு ஆறியதும் ஆர்லோ கட்டைவிரலால் அந்த வெல்டிங்கின் மேடுபள்ளத்தைத் தடவிக்கொண்டே போனார், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை.

"கோழி எச்சமேதான்," என்றார். "ஆனா ஒரு சொட்டுகூட எடம் மாறி விழல."

நோரீன் சாவியை அவரிடம் கேட்கவில்லை, அவளே எடுத்துக்கொண்டாள். "செவ்வாக்கிழம ரூட்டு முடிஞ்சதும் வர்றேன். கண்ணு டாக்டர்கிட்ட போறோம். என் வண்டியில."